41 கொம்ப்ளிகேஷனும் எங்கட குசினிக் கலண்டரும்

எங்கட குசினிச் சுவரில ஒரு நாட்கலண்டர் தொங்குது. ஒவ்வொரு வருசமும் மார்கழி கடைசியில ஆராவது ஊரில இருந்து வரேக்க கொண்டுவந்து தருவினம், திதி, நட்சத்திரம், இராகுகாலம் எல்லாம் போட்ட கலண்டர், ஆனா நேரம் முழுக்க இலங்கை நேரம். அம்மா காலமை எழும்பித் தாளைக் கிழிச்சுப்போட்டு, கோடையெண்டா மனசுக்குள்ள மூண்டரை மணித்தியாலம் கழிப்பா, ஐப்பசி (ஒக்ரோபர்) கடைசி ஞாயிறு இங்க நேரம் மாத்தினாப் பிறகு நாலரை கழிப்பா. திதிக்கு அப்பிடிக் கழிச்சாச் சரி, ஏனெண்டா சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையில இருக்கிற கோணம் உலகம் முழுக்க ஒண்டுதான். இராகுகாலத்துக்குக் கழிக்கிறது பிழை, அது அந்தந்த ஊரில சூரியன் உதிக்கிற நேரத்தை வச்சு வாறது. இதை எத்தினையோ தரம் சொல்லிப் பாத்திட்டன், அம்மா கேக்கிற மாதிரி இல்லை, நானும் விட்டிட்டன்.

ஏன் இந்தக் கதையில தொடங்கிறன் எண்டா, மணிக்கூட்டு விசர் பிடிச்ச நாளில இருந்து எந்தப் புது மணிக்கூட்டைப் பாத்தாலும் எனக்கு முதல்ல வாற கேள்வி, அம்மா ஒவ்வொரு காலமையும் செய்யிற அந்தக் கழித்தல் மாதிரி ஒரு வேலையை இது ஆருக்காவது மிச்சம் பிடிச்சுக் குடுக்குமோ எண்டதுதான். தங்கமோ பிளாட்டினமோ, எத்தினை பேர் வரிசையில நிக்கினம், ஏலத்தில எவ்வளவு போகும், அதெல்லாம் பேந்து.

நான் சுவிஸில, பீல் பக்கத்தில இருக்கிறன். வேலை பொலிமெக்கானிக்கர், அதாவது மெஷின் பாகங்கள் கடையிறது, மணிக்கூட்டுக்கும் எங்கட வேலைத்தலத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனா நூறில ஒரு மில்லிமீற்றர் பிழைச்சாலும் சாமான் குப்பைக்குள்ள போற இடம். அதால மணிக்கூட்டைப் பாத்தா மற்றாக்கள் முகப்பைப் பாப்பினம், நான் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பாப்பன்.

போன வருசம், 2025 சித்திரை 5ஆம் திகதி, சனிக்கிழமை, ஜெனீவா பலெக்ஸ்போவில நடந்த வாட்சஸ் அண்ட் வொண்டர்ஸ் எண்ட மணிக்கூட்டுக் கண்காட்சிக்கு மூண்டு பேர் போனனாங்கள் (நாங்கள் ஏப்ரலைச் சித்திரை, நவம்பரைக் கார்த்திகை, பெப்ரவரியை மாசி, மார்ச்சைப் பங்குனி எண்டு சொல்லுற ஆக்கள், தமிழ்நாட்டுச் சனம் குழம்பவேண்டாம்). நான், பேர்ண்ல இருக்கிற என்ர மச்சான், பிறகு லவுசான்ல இருந்து ஏறின ஒரு அண்ணை. மச்சானுக்கு மெல்லிசு மணிக்கூடும், டூர்பியோன் எண்டு புவியீர்ப்பால வாற நேரப்பிழையைக் குறைக்க உள்ளுக்குள்ள சுத்துற கூடும்தான் உயிர். அண்ணைக்குச் சத்தம், மணி அடிக்கிற மணிக்கூடு எண்டா அவர் சாப்பாட்டையும் விட்டிட்டுப் போவார். எனக்குக் கலண்டர். ஒருத்தருக்குப் பிடிச்சது மற்றவருக்குப் பிடியாது, அதால ட்ரெயினுக்குள்ளயே சண்டை தொடங்கிட்டுது, எதிர்ல இருந்த வெள்ளைக்கார மனுசி புத்தகத்தை மூடி வச்சிட்டு எங்களைத்தான் பாத்துக்கொண்டு வந்தவ.

போன முக்கிய காரணம் வஷெரோன் கொன்ஸ்டன்டானின்ர சொலாரியா. 1755இல தொடங்கின கொம்பனி, 270ஆவது வருசத்துக்கு எண்டு விட்டது, ஒரே ஒரு துண்டுதான், 41 கொம்ப்ளிகேஷன். தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன், மணித்தியாலம், நிமிசம், செக்கன் காட்டுறதைத் தவிர ஒரு மணிக்கூடு மேலதிகமாச் செய்யிற ஒவ்வொரு வேலைக்கும் கொம்ப்ளிகேஷன் எண்டு பேர். திகதி காட்டினாலும் ஒண்டு, மணி அடிச்சாலும் ஒண்டு. கையில கட்டுற மணிக்கூட்டில இதுக்கு முதல் 36தான் சாதனையா இருந்தது, பிராங் முல்லரின்ர எதர்னிதாஸ் மெகா 4. சொலாரியாவை ஒரே ஒரு மணிக்கூட்டுக்காரர் எட்டு வருசமா இருந்து உருவாக்கியிருக்கிறார் எண்டு அவை சொல்லீனம். நான் எட்டு வருசத்தில மூண்டு வீடு மாறியிருக்கிறன்.

கண்ணாடிக்கு அங்கால பாக்கேக்க எனக்கு முதல்ல பட்டது, இது இவ்வளவு சின்னனா எண்டதுதான். விட்டம் 45 மில்லிமீற்றர், தடிப்பு 14.99. அந்த 14.99ஐப் பாத்திட்டு நான் சிரிச்சிட்டன், 15 எண்டு ஆரும் எழுதிப்போடக் கூடாதெண்டு நூறில ஒண்டை எங்கயோ சுரண்டி எடுத்திருக்கினம், எங்கட தொழில்காரருக்கு மட்டும் விளங்கிற பகிடி. உள்ள இருக்கிற இயந்திரம் 36 மில்லிமீற்றர் அகலம், அதாவது எங்கட அஞ்சு பிராங் குத்தியை விடக் கொஞ்சம் பெரிசு, உயரம் 10.96, அதுக்குள்ள 1521 பாகம். சாதாரண மணிக்கூட்டில நூற்றுச்சொச்சம் பாகம் இருக்கும். நான் கன நேரம் நிண்டு மனசுக்குள்ள கணக்குப் போட்டுப் பாத்தன், எத்தினை தட்டு அடுக்கியிருப்பினம், ஒரு தட்டு எவ்வளவு மெல்லிசா இருக்கவேணும் எண்டு, கடைசியா விட்டிட்டன், பின்னால நிண்ட ஆள் இருமினார்.

சூரிய உதயம், மறைவு, கடல் வத்துப்பெருக்கு, சூரியன் எந்தக் கோணத்தில நிக்குது, எல்லாம் முகப்பில சின்னச் சின்ன வட்டமா இருக்கு. ஆனா என்னைப் பிடிச்சது பின்பக்கம். அங்க ஒரு வான வரைபடம் சுத்துது, அதோட ரெண்டு செக்கன் முள்ளு உள்ள குரோனோகிராஃபைச் சேத்து விட்டிருக்கினம், நீங்கள் ஒரு நட்சத்திரத்தை நினைச்சுக்கொண்டு தட்டினா, அது உங்கட பார்வைக்குள்ள வர இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு எண்டு அளக்கலாம். ஓட்டப்பந்தயம் அளக்கிற சாமானைக் கொண்டுபோய் வானத்துக்குக் கொழுவின அந்த யோசனை இருக்கே, அதுக்குத்தான் நான் தொப்பி கழட்டுவன். மற்றதில கனக்க ஏற்கனவே ஆரோ எங்கயோ செய்ததுதான்.

மச்சான் அசையேல்லை. "டேய், இதை ஆரடா பாவிக்கப் போறான், வாங்கிறவன் லொக்கருக்குள்ள வச்சிட்டுப் போய் ஆப்பிள் வாட்ச் கட்டுவான்" எண்டான். பகிடிக்குச் சொன்னாலும் அதில பிழை இல்லை. அண்ணைக்கு வேற கவலை. இதுக்குள்ள நாலு சுத்தியலும் நாலு கம்பியும் வச்சு வெஸ்ட்மின்ஸ்டர் மெட்டில மணி அடிக்குது, லண்டன் பிக் பென் அடிக்கிற அதே மெட்டு, ஊரில அவற்ற அப்பப்பா வீட்டுச் சுவர் மணிக்கூடும் அப்பிடித்தான் அடிச்சதாம், ஆனா கண்ணாடிக்கு அங்கால இருக்கிறதை எப்பிடிக் கேக்கிறது. "கோயில் மணியைப் படத்தில பாத்த மாதிரி" எண்டு சொல்லிப்போட்டு கோப்பி தேடிப் போட்டார்.

எண்ணிக்கையைப் பற்றி ஒரு விசயம் சொல்லிட்டுப் போறன். ஒவ்வொரு கொம்பனியும் தங்கட பாட்டுக்குத்தான் எண்ணும். ஓடெமார் பிகேயின்ர ஆர்டி 4 எண்டு 2023இல வந்த மணிக்கூட்டில 40 ஃபங்ஷன், அதில 23தான் கொம்ப்ளிகேஷன் எண்டு அவையே பிரிச்சுச் சொன்னவை. இன்னொரு கொம்பனி எண்டா அதையே நாப்பதெண்டு எழுதியிருக்கும். அதால 41 பெரிசா 36 பெரிசா எண்டு அடிபடுறதில எனக்கு நாட்டமில்லை.

ஆனா கலண்டர் எண்டா அது வேற. 2024இல இதே வஷெரோன் 63 கொம்ப்ளிகேஷனோட பெர்க்லி எண்டு ஒரு பொக்கற் மணிக்கூடு விட்டது, 98 மில்லிமீற்றர் அகலம், 960 கிராம் பாரம், எந்தப் பொக்கற்றுக்குள்ளயும் போகாது, 11 வருச வேலை, 2877 பாகம். அதுக்குள்ள சீனக் கலண்டரை முழுசாப் பற்சில்லில கொண்டுவந்திருக்கினம். இது லேசுப்பட்ட வேலை இல்லை. சீன மாசம் அமாவாசையில தொடங்கும், 19 வருசத்துக்கு ஏழு தரம் ஒரு மாசம் கூட வரும், ஆனா எந்த மாசம் ரெண்டு தரம் வரும் எண்டது சூரியன் நிக்கிற இடத்தைப் பொறுத்தது, நேரான ஒழுங்கு கிடையாது. பற்சில்லுக்கு ஒழுங்குதான் சாப்பாடு, ஒழுங்கில்லாததை அதுக்குத் தீத்திறது பெரிய பாடு. இதுக்கு முதல் 2015இல விட்ட 57260இல யூதக் கலண்டர். பர்மிஜியானி கொம்பனி 2020இல இஸ்லாமிய ஹிஜ்ரி கலண்டரைக் கையில கட்டுற மணிக்கூட்டிலயே கொண்டுவந்திட்டுது.

அப்ப எங்கட பஞ்சாங்கம்?

இந்தக் கேள்வியை நான் கேட்டவுடன மச்சான் கேட்ட கேள்வி, "எந்தப் பஞ்சாங்கம், வாக்கியமா திருக்கணிதமா?" ஊரில வருசப்பிறப்பு வந்தா ரெண்டு பஞ்சாங்கமும் ரெண்டு நேரம் சொல்லும், ஒரே ஒழுங்கையில ஒரு வீட்டில மருத்துநீர் வச்சு முடிஞ்சிருக்கும், பக்கத்து வீட்டில இன்னும் தொடங்கியிருக்காது. ஜெனீவாவில ஆராவது எங்களுக்கு மணிக்கூடு செய்ய வந்தாலும் முதல் கூட்டத்திலயே நாங்கள் அடிபட்டுக் கலைச்சு விட்டிருவம்.

பகிடி ஒரு பக்கம், நான் அதைக் கொஞ்சம் வடிவா யோசிச்சனான். திதியை அண்ணளவாக் காட்டுறது சுகம், சந்திரத் தட்டை முப்பதாப் பிரிச்சாக் காணும். ஆனா சந்திரன் ஒரே வேகத்தில ஓடுறேல்லை, பூமிக்குக் கிட்ட வரேக்க கெதியாவும் தள்ளிப் போகேக்க ஆறுதலாவும் போகும், அதால ஒரு திதி 20 மணித்தியாலத்தில முடியும், இன்னொண்டு 26ஐத் தாண்டும். இதுக்கு வாக்கியப் பஞ்சாங்கக்காரர் என்ன செய்தவையெண்டா, 248 நாளுக்கு 248 வாக்கியம் பாடமாக்கி வச்சிருந்தவை, ஒவ்வொரு வாக்கியத்தின்ர எழுத்துக்குள்ளயும் அண்டைக்குச் சந்திரன் நிக்கிற இடம் எண்ணா ஒளிச்சிருக்கும். 248 நாள் ஏனெண்டா அதில சந்திரன் அந்தக் கிட்ட-தூர ஓட்டத்தைச் சரியா ஒன்பது தரம் முடிக்கும். அதுக்கு மேல 3031 நாள், 12372 நாள் எண்டு பெரிய சுற்றுகள் வச்சுத் திருத்தம் செய்வினம். இதைப் படிச்சவுடன எனக்குக் கேம் (cam) எண்ட தகடுதான் ஞாபகம் வந்தது. மணிக்கூட்டில சூரியன் முந்திறது பிந்திறதைக் காட்ட சிறுநீரகம் மாதிரி ஒரு தகடு வைப்பினம், வருசத்துக்கு ஒருக்காச் சுத்தும், ஒரு சின்ன நெம்பு அதின்ர ஓரத்தைத் தடவித் தடவி இண்டைக்கு எத்தினை நிமிசம் வித்தியாசம் எண்டு கண்டுபிடிக்கும். 248 வாக்கியமும் அதே வேலைதான், தகட்டுக்குப் பதிலாச் சொல்லால வெட்டின கேம்.

1825இல ஜோன் வாரன் எண்டவர் பாண்டிச்சேரியில ஒரு தமிழ்க் கணிதரைப் பிடிச்சு, அந்த வருசம் வரப்போற சந்திர கிரகணத்தைக் கணிக்கச் சொல்லிப் பாத்து எழுதி வச்சிருக்கிறார். அந்த மனுசன் நிலத்தில சோழியைப் பரப்பி, வாய்ப்பாட்டை நினைவில இருந்து சொல்லிச் சொல்லி, ஒரு எழுத்தும் எழுதாமக் கணிச்சு முடிச்சது. கிரகணம் தொடங்கிறதில 4 நிமிசம்தான் பிழை, நடுவில 23, முடிவில 52. 2877 பாகம் இல்லாம, சோழி மட்டும். இந்தக் கதையை நான் சொல்ல அண்ணை கோப்பிக் கப்பை வச்சிட்டு "திருப்பிச் சொல்லு" எண்டார், ரெண்டாந்தரமும் சொன்னன்.

சரி, இனி என்ர வெட்கக்கேட்டைச் சொல்லவேணும், ஏனெண்டா இந்த விசரின்ர மற்றப் பாதி அதிலதான் இருக்கு.

மச்சானிட்ட 90களில செய்த ஒரு பேர்ப்பெச்சுவல் கலண்டர் இருக்கு, பழசா வாங்கினது, ஆர் செய்தது எண்டு சொல்லமாட்டன், பிழை மணிக்கூட்டில இல்லை, என்னில. பேர்ப்பெச்சுவல் எண்டா 30, 31, மாசி 28, நாலு வருசத்துக்கொருக்கா 29, எல்லாம் தானே தெரிஞ்சு திகதி மாத்தும். உள்ள 48 மாசத்துக்கு ஒரு தகடு, ஓரத்தில பள்ளம் பள்ளமா வெட்டியிருக்கும், 31 நாள் மாசத்துக்குப் பள்ளம் இல்லை, 30க்குக் கொஞ்சம், மாசிக்கு ஆழம், ஒரு நெம்பு அந்த ஆழத்தைத் தொட்டுப் பாத்து எத்தினை நாள் தாண்டவேணும் எண்டு முடிவெடுக்கும். தொமஸ் மட்ஜ் எண்ட இங்கிலாந்துக்காரர் 1762இல முதல் செய்தவர். வடிவான கண்டுபிடிப்பு, ஓடிக்கொண்டிருக்கும் வரைக்கும். நிண்டா அதோட கதை சரி. மச்சான் அதை லாச்சிக்குள்ள அஞ்சாறு கிழமை விட்டிட்டான், எல்லாம் நிண்டு போச்சு, "நீதானே மெக்கானிக்கர், சரிப்பண்ணித் தா" எண்டு தந்திட்டுப் போனான். பக்கவாட்டில நாலு குட்டிக் குழி, ஒரு குச்சியால குத்தித்தான் நாள், திகதி, மாசம், சந்திரன் எல்லாத்தையும் ஒவ்வொண்டா ஏத்தவேணும். இரவு எட்டு மணியில இருந்து விடியப்புறம் மூண்டு மணி வரைக்கும் குத்தக் கூடாது, ஏனெண்டா அந்த நேரம் திகதி மாத்திற நெம்பு ஏற்கனவே பல்லுக்குள்ள கால் வச்சிருக்கும். எனக்கு அது தெரியும். தெரிஞ்சும், வேலையால களைச்சு வந்து, இரவு பதினொரு மணிக்கு, மணிக்கூடு மத்தியானம் எண்டு நினைச்சுக்கொண்டு குத்தினன். உள்ள ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அரிசிமணி பல்லில கடிபட்ட மாதிரி.

ஏழு மாசம் திருத்த வேலை, பில்லில பாதியை நான் கட்டினன், மச்சான் இண்டைக்கும் கலியாணவீடு வழிய அதைச் சொல்லிச் சிரிக்கிறான்.

அதால, போன வருசம் வந்த எல்லாத்துக்குள்ளயும் என்ர மனசில நிண்டது சொலாரியா இல்லை, ஓடெமார் பிகேயின்ர 7138 எண்ட புது இயந்திரம். 150ஆவது வருசத்துக்கு விட்டது, கொம்பனி 1875இல லு பிராஸூவில தொடங்கினது. பாக்கேக்க ஒரு பெரிய அதிசயமும் இல்லை, 41 மில்லிமீற்றர், நாள், திகதி, மாசம், கிழமை எண், சந்திரன், அவ்வளவுதான். ஆனா பக்கத்தில குழி ஒண்டுமில்லை. எல்லாம் வைண்ட் பண்ணுற அந்தக் குமிழாலயே. ஒரு இழுவை இழுத்து முன்னுக்குச் சுத்தினாத் திகதி, பின்னுக்குச் சுத்தினா மாசமும் லீப் வருசமும், இன்னும் ஒரு இழுவையில நேரம், பிறகு அங்க இருந்து ஒரு தட்டுத் தள்ளினா புதுசா ஒரு நிலை, அதில நாளும் சந்திரனும். ஒருதரம் கையில வச்சுப் பாக்கக் கிடைச்சது, ஆரிட்ட எண்டு எழுதமாட்டன், நிண்டுபோன கலண்டரை ஒரு நிமிசத்துக்குள்ள முழுசா எப்பிடி ஏத்திறது எண்டு அந்த மனுசன் செய்து காட்டினார், நான் பாத்துக்கொண்டு நிண்டன், வயிறு எரிஞ்சது. எனக்கு ஏழு மாசம் எடுத்த வேலை.

முதல் செய்தது இவை எண்டு சொல்ல வரேல்லை. ஐ.டபிள்யூ.சி. கொம்பனியில கேர்ட் கிளவுஸ் 1985இலயே டா வின்சி எண்ட மணிக்கூட்டில குழி இல்லாமச் செய்தவர், ஆனா முன்னுக்கு மட்டும்தான் ஏத்தலாம், ஒருநாள் கூட ஏத்திட்டா மணிக்கூட்டைக் கழட்டி வச்சிட்டு அந்தத் திகதி வரும் வரைக்கும் காத்திருக்கவேண்டியதுதான். உலிஸ் நார்தான் கொம்பனிக்கு லுட்விக் எக்ஸ்லின் 1996இல செய்து குடுத்தது முன்னுக்கும் பின்னுக்கும் போகும். எக்ஸ்லின் பிறகு லா ஷோ-ட-ஃபோன் மணிக்கூட்டு மியூசியத்தையும் நடத்தினவர், அது எங்கட வீட்டில இருந்து கிட்ட, ஆராவது சுவிஸ் பக்கம் வந்தா ஒருநாள் அதுக்கு ஒதுக்குங்கோ, ஜுங்ஃப்ராவை விட மலிவு.

ஐ.டபிள்யூ.சி. எண்டவுடன 2024இல வந்த எட்டேர்ணல் கலண்டரையும் சொல்லோணும். சாதாரண பேர்ப்பெச்சுவல் எல்லாம் 2100 பங்குனி முதலாம் திகதி பிழைக்கும், ஏனெண்டா நாலால பிரிபட்டாலும் 2100 லீப் வருசம் இல்லை, 2200உம் 2300உம் அப்பிடித்தான், 2400 லீப் வருசம். இதை மணிக்கூட்டுக்குச் சொல்லிக் குடுக்க, 400 வருசத்துக்கு ஒருக்காச் சுத்துற ஒரு சில்லு வச்சு, அதில மூண்டு பள்ளம் வெட்டியிருக்கினம். மேலதிகமா எட்டே எட்டுப் பாகம். 1521ஐ விட எனக்கு இந்த எட்டு பெரிசு. 3999 வரைக்கும் சரியா இருக்கும் எண்டினம், 4000ஆம் ஆண்டு லீப்போ இல்லையோ எண்டு இன்னும் மனுசர் முடிவெடுக்காததால அதுக்கு மேல உறுதி இல்லையாம், இதை விட நேர்மையான விளம்பரம் நான் பாக்கேல்லை. ஆனா அதே மணிக்கூட்டில சந்திரன் 45 மில்லியன் வருசத்துக்கு ஒருநாள்தான் பிழைக்கும் எண்டதை நான் கணக்கில எடுக்கேல்லை. சந்திரன் வருசத்துக்குக் கிட்டத்தட்ட நாலு சென்ரிமீற்றர் தூரத் தள்ளிப் போய்க்கொண்டிருக்கு, பூமியும் சுத்திறது மெதுமெதுவாகுது, 45 மில்லியன் வருசத்தில மாசத்தின்ர நீளமே மாறியிருக்கும். பற்சில்லுக் கணக்குச் சரி, சந்திரன் அந்தக் கணக்குக்கு நிக்கமாட்டுது.

மச்சானுக்காக ரெண்டு வரி. புல்காரியின்ர ஒக்டோ ஃபினிசிமோ அல்ட்ரா டூர்பியோன், 1.85 மில்லிமீற்றர் தடிப்பு, முழு மணிக்கூடும். சட்டைப்பையில இருந்து ஒரு பிராங் குத்தியையும் ரெண்டு பிராங் குத்தியையும் எடுத்துப் பாத்தம், ஒண்டு 1.55, மற்றது 2.15, அதுக்கு நடுவில டூர்பியோன் சுத்துது. மச்சான் பேச்சுமூச்சில்லை. எனக்கு, கட்டிக்கொண்டு ஒரு பாத்திரம் கழுவ ஏலாத மணிக்கூடு. டூர்பியோனுக்கு மணிக்கூட்டுக்காரர் பிரெகே காப்புரிமை எடுத்தது 1801இல, அப்ப மணிக்கூடு முழுநாளும் பொக்கற்றுக்குள்ள நிமிர்ந்து நிண்டது, அதால தேவைப்பட்டது, கை எல்லாப் பக்கமும் ஆடுற இடத்தில அதுக்கு அவ்வளவு வேலை இல்லை எண்டு நான் சொன்னா மச்சான் ரெண்டு நாள் ஃபோன் எடுக்கமாட்டான்.

அண்ணைக்கு லாங்கெ கொம்பனி. போன வருச மினிட் ரிப்பீட்டர் பேர்ப்பெச்சுவல் (மினிட் ரிப்பீட்டர் எண்டா, தட்டி விட்டா நேரத்தை மணி அடிச்சுச் சொல்லும்), பிளாட்டினம், கறுப்பு எனாமல் முகப்பு, 50 துண்டு. சத்தப்பிரியர் எல்லாரும் பிளாட்டினத்தில ஏன் மணி வைக்கினம் எண்டு புறுபுறுப்பினம், பாரமான உலோகம் சத்தத்தை விழுங்கும், தங்கமோ டைட்டேனியமோ நல்லம். அண்ணை மட்டும், மெல்லமாக் கேக்கிறதுதான் அவருக்கு வடிவாம், பக்கத்து ஆளுக்குக் கேக்கத் தேவையில்லையாம். பன்னெண்டு ஐம்பத்தொன்பதுக்கு அடிக்க விட்டா மணிக்கு 12 தடித்த சத்தம், கால்மணிக்கு 3 சோடி, மிச்ச நிமிசத்துக்கு 14 மெல்லிய சத்தம், மூச்சுப் பிடிச்சுக்கொண்டு எண்ணவேணும். விளக்கில்லாத காலத்தில இருட்டுக்குள்ள நேரம் அறிய வந்த சாமான்.

கார்த்திகையில ஜெனீவாவில, வருசாவருசம் மணிக்கூடுகளுக்குக் குடுக்கிற ஜி.பி.எச்.ஜி. பரிசு குடுத்தவை. வருசத்தின்ர பெரிய பரிசு, தங்க ஊசி, ஆருக்குப் போனது தெரியுமோ. பிரெகேயின்ர கிளாசிக் சூஸ்கிரிப்சியோன். ஒரே ஒரு முள்ளு. நிமிச முள்ளும் இல்லை, திகதியும் இல்லை, வெள்ளை எனாமலில ஒரு நீல முள்ளு, கோட்டைப் பாத்து அண்ணளவா நேரம் சொல்லவேண்டியதுதான். 18ஆம் நூற்றாண்டு கடைசியில பிரெகே காற்பங்கு காசை முதல்ல வாங்கிக்கொண்டு செய்து குடுத்த மலிவு மணிக்கூட்டின்ர புது அவதாரம், இப்ப மலிவும் இல்லை. 41 விசயம் காட்டுற மணிக்கூடு வந்த வருசத்தில ஒரே ஒரு விசயத்தை, அதையும் அரைகுறையாக் காட்டுற மணிக்கூடு வெண்டிட்டுது. மச்சானுக்கு வந்த கோவத்தில இரவு பதினொரு மணிக்கு எனக்கு ஃபோன் எடுத்தவன். அண்ணைக்குப் புளுகம். எனக்கு உண்மையா என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை, வடிவான மணிக்கூடுதான், ஆனா ஒரு நாளும் ஆருக்கும் ஒரு கழித்தலையும் மிச்சம் பிடிச்சுக் குடுக்காது.

மச்சான்ர அந்தப் பழைய பேர்ப்பெச்சுவல் இப்ப என்னட்டத்தான் நிக்குது, அவன் ஊருக்குப் போயிருக்கிறான், "ஓட விடு, நிக்க விட்டா உன்னைக் கொல்லுவன்" எண்டு தந்திட்டுப் போனவன். இந்த மாசி 28, சனிக்கிழமை இரவு, 28இல இருந்து நேரா ஒண்டுக்குப் பாயிறதைப் பாக்கவேணும் எண்டு குசினி மேசையில அதை வச்சுக்கொண்டு முழிச்சிருந்தன். பதினொண்டு தாண்ட முள்ளு மெதுவா அசையத் தொடங்கிச்சு, 29, 30, 31ஐ எல்லாம் ஊர்ந்து கடந்து, பன்னெண்டுக்குக் கொஞ்சம் பிந்தி, டக். ஒண்டு. பங்குனி. உள்ள அந்த நெம்பு ஆழமான பள்ளத்தைத் தொட்டிருக்கும், நான் அதைத்தான் யோசிச்சுக்கொண்டிருந்தன். அம்மா தண்ணி குடிக்க வந்தவ, "நித்திரை இல்லையோ" எண்டு கேட்டிட்டு, வந்ததுதான் வந்தன் எண்டு கலண்டர்த் தாளையும் கிழிச்சுவிட்டா. பறுவம் (பௌர்ணமி) செவ்வாக்கிழமை எண்டு போட்டிருந்தது, சந்திர கிரகணமும் அண்டைக்குத்தான். மணிக்கூட்டைத் திருப்பிப் பாத்தன், அதில சந்திரன் ஒருநாள் பிந்தி நிண்டது. குச்சி பக்கத்திலதான் கிடந்தது. நேரம் பன்னெண்டேகால். குச்சியை எடுத்து லாச்சிக்குள்ள போட்டுப் பூட்டிப்போட்டுப் படுத்திட்டன், காலமை பத்து மணிக்கு எழும்பித்தான் ஏத்தினன்.